செவ்வாய்க்கிழமைகளில் அக்காவைத் தேடினேன்

என் ஆசை அம்மாவுக்கு,

நீங்கள் போய் ஏழு மாதமாகிறது. உயிரோடு இருந்தபோது உங்களுக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. ஒரே வீட்டில் இருந்தவர்களுக்கு எதற்குக் கடிதம்? குசினியிலிருந்து ஒரு சத்தம் போட்டால் போதுமாக இருந்தது. இப்போது எழுத உட்கார்ந்தால், எதை முதலில் சொல்வது என்று தெரியாமல் முழிக்கிறேன்.

வீட்டுச் செய்தியிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் பேத்தி கார் ஓட்டும் சோதனையை இரண்டாம் தரம் எடுத்துப் பாஸாகிவிட்டாள். முதல் நாளே கேரம் டவுன்ஸ் கோயிலுக்குத் தானே ஓட்டிப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள், உங்கள் பெயருக்கு. செத்தவர்கள் பெயருக்கு அர்ச்சனை செய்வதில்லை என்று ஐயர் சொன்னாராம். "ஹவ் வுட் ஐ நோ, அம்மா?" என்று என்னோடு சண்டை. உங்கள் கைத்தொலைபேசியின் இணைப்பை வெட்டுவதற்கு மூன்று தரம் கதைத்துவிட்டேன். மூன்றாம் தரம் கதைத்தவர், கணக்குக்குச் சொந்தக்காரரோடு நேரே கதைக்க வேண்டும் என்றார். முடிந்தால் நீயே கதைத்துப் பார் என்று சொல்ல வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

நான் எதைச் சொல்ல வந்தேன் என்று உங்களுக்குத் தெரியும். சுற்றி வளைப்பது எனக்கும் பிடிக்காது. ஆனாலும் வளைக்கிறேன், ஏனென்றால் சொல்வதற்கு நல்ல செய்தி என்னிடம் இல்லை.

அப்பாவின் முதலாம் ஆண்டுத் திவசம் முடிந்து, வந்தவர்கள் எல்லாரும் போன அந்தப் பின்னேரம் நினைவிருக்கிறதா? நான் பெரிய சட்டிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் கதிரையை இழுத்து எனக்குப் பின்னால் போட்டுக்கொண்டு, ஏதோ கடைச் சாமான் பட்டியல் சொல்வது மாதிரிச் சொன்னீர்கள்.

"உனக்கு முதல் ஒண்டு இருந்தது. பொம்பிளைப் பிள்ளை. மூச்சில்லாமப் பிறந்தது. எனக்குக் காட்டேல்லை."

நான் தண்ணீரை நிறுத்தவில்லை. நிறுத்தினால் நீங்களும் நிறுத்திவிடுவீர்கள் என்று பயம். நாற்பத்து நாலு வயது வரைக்கும் என்னை மூத்தவள் என்று நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு வேறு என்ன செய்யத் தெரியும்?

"எங்க புதைச்சது?" என்று கேட்டேன்.

"தெரியாது. கொப்பாட்ட ஒருக்காக் கேட்டனான். சாப்பாட்டில இருந்து எழும்பிப் போட்டார். பேந்து நான் கேக்கேல்லை."

ஒரு தரம் கேட்டீர்கள். பிறகு கிட்டத்தட்ட ஒரு ஆயுள் முழுக்கக் கேட்கவில்லை. எனக்கு அதுதான் இன்றைக்கும் விளங்கவில்லை. கடைக்காரன் ஒரு தேங்காயை மாற்றித் தராவிட்டால் அரை மணித்தியாலம் நின்று வாதாடுகிற நீங்கள், இதை எப்படி விட்டீர்கள்?

அதற்குப் பிறகுதான் அந்த வேண்டுகோள். "நான் போன பிறகு என்ர சாம்பலில ஒரு பிடி அதுக்குப் பக்கத்தில போடு. மிச்சத்தைக் கடலில கரையுங்கோ. உனக்குத்தான் உந்த ஒபிஸ் வேலையள் தெரியும், நளாயினி. தம்பியிட்டச் சொல்லாத, அவன் அழுவான்." பல் டொக்டரிடம் வரவேற்பு மேசையில் இருக்கிறவளுக்கு எந்தக் கந்தோர்க் கதவும் திறக்கும் என்று உங்களுக்கு ஒரு நம்பிக்கை. ஓம் என்று சொன்னேன். அதில் எவ்வளவு வேலை இருக்கிறது என்று தெரியாமல் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு. எங்கள் நூலகத்தில், சின்னப் பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கிற மூலைக்குப் பின்னால், குடும்ப வரலாறு என்று எழுதி ஒட்டிய அறை ஒன்று இருக்கிறது. இரண்டு கணினி, பழைய பதிவுகளின் படச்சுருளைப் பெரிதாக்கிக் காட்டும் ஒரு இயந்திரம், நாலு கதிரை. அங்கே செவ்வாய் தோறும் தொண்டுக்கு வருகிறவர்தான் பெவர்லி. எழுபது தாண்டிய வெள்ளைக்காரி. எல்லாரையும் 'லவ்' என்றுதான் கூப்பிடுவார். மற்றவர்களுடைய செத்தவர்களைத் தேடிக் கொடுப்பதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அங்கே வருகிறவர்களை நீங்கள் பார்க்க வேண்டும், அம்மா. முக்கால்வாசிப் பேர், இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கைதியாகக் கப்பலில் விலங்கோடு வந்த பூட்டனைத் தேடுகிறவர்கள். கள்ளன் என்று பதிவு கிடைத்துவிட்டால் அறையே கைதட்டும். கேக்கும் கொண்டு வருவார்கள். எங்கள் ஆட்கள் என்றால் பரம்பரையில் ஒரு கள்ளன் இருந்த கதையை எத்தனை பாயால் மூடுவோம்! நான் கேக்கைச் சாப்பிட்டுவிட்டு என் கதிரையில் வந்து குந்துவேன்.

பெவர்லிதான் வழி சொன்னார். அந்தக் காலத்து ஆஸ்பத்திரிப் பதிவேடுகள் அரசாங்க ஆவணக் காப்பகத்தில் இருக்கும், தாயின் கையெழுத்தோடு விண்ணப்பித்தால் பார்க்கலாம் என்றார். நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள். மாதக்கணக்கில் காத்திருந்து போனேன். பையை வெளியே பூட்டி வைக்க வேண்டும், உள்ளே பென்சில் மட்டும்தான். ஒரு தடித்த புத்தகத்தைப் பஞ்சுத் தலையணை மேல் வைத்து என் முன்னால் விரித்தார்கள். உங்கள் பெயர், அப்பாவின் பெயர். அதற்கு எதிரே: பெண், உயிரில்லை, தகப்பன் எடுத்துச் சென்றார்.

அவ்வளவுதான். ஒரு வரி. அதைப் பென்சிலால் எழுதிக்கொண்டு வந்து உங்களுக்கு வாசித்துக் காட்டினேன்.

"கொப்பாவே கொண்டு போனவர்?" என்று கேட்டீர்கள். பிறகு சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டீர்கள். "அப்ப குப்பையோட போடேல்லை" என்றீர்கள்.

அம்மா, அத்தனை வருஷமும் நீங்கள் அதையா நினைத்துக்கொண்டிருந்தீர்கள்? எனக்கு இடியப்பம் அவித்தபோதும், பள்ளிக்கூடத்துக்குத் தலை இழுத்துவிட்டபோதும், தம்பியின் கலியாணத்தில் முன் வரிசையில் நின்றபோதும்? அன்றைக்கு உங்களுக்கு முன்னால் நான் அழவில்லை. கடைக்குப் போவது போலக் கராஜிலிருந்து காரை எடுத்து, ஒரு தெரு தாண்டி நிறுத்தி, நன்றாக அழுதேன்.

அதற்குப் பிறகு இரண்டரை வருஷம் புதைகுழிப் பதிவேடுகள். பழைய பதிவேடுகளை எல்லாம் கணினியில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். ஒரு கட்டத்தில் குடும்பப் பெயர், மற்றக் கட்டத்தில் பிள்ளையின் பெயர். ஒரு செவ்வாய்க்கு ஒரு மயானம் என்று பெவர்லி கணக்கு வைத்தார். அப்பாவின் பெயரைப் போட்டுப் பார்த்தோம். அப்பாவின் அப்பா பெயரைப் போட்டுப் பார்த்தோம். வெள்ளைக்காரக் கிளாக்கர் எப்படியெல்லாம் எழுதியிருக்கக்கூடும் என்று நானும் பெவர்லியும் வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்ப்போம். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்ப்பார்.

"பிள்ளைக்கு என்ன பெயர், லவ்?" என்று முதல் நாளே பெவர்லி கேட்டார்.

"பெயர் இல்லை" என்றேன். எங்களில் முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்துத்தான் பெயர் வைப்பது, அதற்கு முதல் போன பிள்ளைக்குப் பெயர் இருக்காது என்று ஒரு சின்னப் பிரசங்கமே செய்தேன். எங்கள் வழக்கத்தை ஒரு வெள்ளைக்காரிக்குச் சொல்லிக்கொடுக்கிற பெருமை வேறு. பெவர்லி தன் கொப்பியில் குறித்துக்கொண்டார். இரண்டாவது கட்டத்தை எப்போதும் வெறுமையாக விட்டோம். சில நாள் 'பேபி' என்று போட்டோம். மெல்பேர்னில் எத்தனை பேபி செத்திருக்கிறது என்று உங்களுக்குச் சொல்லவில்லை. சொல்லக்கூடிய தொகை இல்லை அது.

செவ்வாய் மத்தியானம் நான் திரும்பி வரும்போது நீங்கள் முன் யன்னலடியில் இருப்பீர்கள். செருப்பைக் கழற்ற முதல் கேட்பீர்கள்.

"என்ன, கிடைச்சுதோ?"

"இன்னும் இல்லை அம்மா."

"சரி. சோறு போட்டு வச்சிருக்கிறன்."

ஒரு நாள், உங்களுக்கு நடக்க ஏலாமல் வந்த பிறகு, நான் பொய் சொன்னேன். "கிட்டத்தட்ட வந்திட்டம் அம்மா, அடுத்த மாதம் தெரிஞ்சிடும்" என்றேன். நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். பிறகு ரீவியைப் பார்த்தீர்கள். கடைசிச் செவ்வாய்க்கிழமை நீங்கள் கேட்கவே இல்லை. மறந்துவிட்டீர்களா, அல்லது எனக்காகக் கேட்காமல் விட்டீர்களா? இரண்டில் எது என்று தெரிந்தால் கொஞ்சம் நித்திரை வரும்.

உங்கள் சாம்பலைத் தம்பி பிராங்ஸ்ரன் கடலில் படகில் போய்க் கரைத்தான். கொடுப்பதற்கு முதல் ஒரு பிடியை எடுத்து ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலில் போட்டுக்கொண்டேன். ஐயருக்குச் சொல்லவில்லை. வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்று தெரியும், அதனால் கராஜில், பெயின்ற் வாளிகளுக்குப் பக்கத்துத் தட்டில் வைத்திருக்கிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள். வேறு இடம் தெரியவில்லை.

முப்பத்தோராம் நாளுக்கு நினைவுக் கல்வெட்டுப் புத்தகம் அடித்தோம். உங்கள் படம், உங்களைப் பற்றி நாலு வார்த்தை, தேவாரம், பின் பக்கத்தில் பிள்ளைகள் மருமக்கள் பேரப்பிள்ளைகள் பட்டியல். நான்தான் எழுதினேன். மூத்த மகள் நளாயினி என்று கை பழக்கத்தில் எழுதிவிட்டேன். எழுதிய பிறகு திருத்துவதா விடுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஆட்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டி வருமே என்று விட்டுவிட்டேன். வர முடியாதவர்களுக்குத் தபாலில் அனுப்பினோம். சிட்னியில் சிவபாதம் அங்கிள் வீட்டுக்கும் ஒன்று போனது.

சிவபாதம் அங்கிளை உங்களுக்கு நினைவிருக்கும். நீங்களும் அப்பாவும் இங்கே வந்த புதிதில் பக்கத்துத் தெருவில் இருந்தவர், பிறகு சிட்னிக்குப் போனவர், அப்பாவுக்கு முதலே கண்ணை மூடியவர். அவருடைய மனைவி, அன்ரி, தனியே மெரிலேண்ட்ஸில் இருக்கிறா. கல்வெட்டுக் கிடைத்த அன்றே போன் எடுத்தா.

"பிள்ளை, மூத்த மகள் எண்டு போட்டிருக்கிறியள். வாசிச்ச உடன எனக்குப் பெரிய அந்தரமாப் போச்சுது. உனக்குத் தெரியுமோ தெரியாதோ, எனக்குத் தெரியாது..."

"தெரியும் அன்ரி. எனக்கு முதல் ஒண்டு."

அன்ரி ரீவியை நிறுத்துகிற சத்தம் கேட்டது.

"அப்ப ஒருக்கா வா. போனில கதைக்கிற கதை இல்லை உது."

மூன்று வருஷமாக நான் பதிவேடுகளைத் துழாவிக்கொண்டிருந்தேன். சிட்னிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு, அவ்வளவுதான் தேவையாக இருந்திருக்கிறது. நீங்கள் போய் இரண்டு மாதம் கழித்து வருகிறது அது.

அடுத்த சனிக்கிழமையே போனேன். மெரிலேண்ட்ஸில் கடைகளுக்கு மேலே முதலாம் மாடியில் அன்ரி வீடு. தேத்தண்ணியும் பயத்தம் பணியாரமும் வைத்துவிட்டு, நான் ஒன்றைச் சாப்பிட்டு முடிக்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு ஒரே மூச்சில் சொன்னா.

"ஆஸ்பத்திரியில குடுத்த பெட்டியோட கொப்பா வெளியில வந்தவராம். எங்கட இவர்தான் கார் ஓடினது. கொப்பாவின்ர மடியில பெட்டி. மயானத்துக் கந்தோர் வாசலில காரை விட்டால் கொப்பா இறங்கேல்லை. கால் வரேல்லையாம். இவர் தனிய உள்ள போனவர். உள்ள இருந்தவன், நீதான் தகப்பனோ எண்டு கேட்டிருக்கிறான். இவரும் என்னத்தைச் சொல்லுறது எண்டு தெரியாமத் தலையாட்டிப் போட்டார். அவன் இவரின்ர பேரையே எழுதிப் போட்டான்."

"பேந்து திருத்தேல்லையோ அன்ரி?"

"இவர் வெளியில வந்து சொன்னவர். ஐசே, என்ர பேரில எழுதிப் போட்டாங்கள், போய் மாத்துவம் எண்டு. கொப்பா வேண்டாம் எண்டிட்டார். அப்பிடியே கிடக்கட்டும், அவளுக்கு இடம் தெரியக் கூடாது எண்டவராம். தாய் போய்ப் போய் அங்க நிண்டால் அடுத்தது வயித்தில தங்காது எண்டு எங்கட ஆக்கள் சொல்லுறது தானே. கொம்மா இங்கிலீஷ் வாசிக்கிறவ, பிடிவாதக்காரி, எந்தக் கந்தோரிலயும் போய்க் கேட்டு எடுத்துப் போடுவா எண்டு பயந்திருக்கிறார். அடுத்தது தங்க வேணும் எண்டுதான் பிள்ளை, எல்லாம்."

சொல்லிவிட்டு அன்ரி என்னை ஏற இறங்கப் பார்த்தா. அடுத்தது நான்தான். பயத்தம் பணியாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நாற்பத்தெட்டு வயதில், நல்ல சுகத்தோடு, தங்கி இருக்கிறேன்.

அப்பாவோடு எனக்கு வந்த கோபத்தை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல? என்னைக் காப்பாற்றுகிறேன் என்று உங்களைக் கொன்றிருக்கிறார், அம்மா. தவணை முறையில். நான் பிறந்த பிறகாவது சொல்லியிருக்கலாம். தம்பியும் பிறந்த பிறகு சொல்லியிருக்கலாம். இனிப் பிள்ளை பெற மாட்டீர்கள் என்று தெரிந்த பிறகு, என்ன பயம் அவருக்கு? அல்லது அவ்வளவு காலம் சொல்லாமல் விட்ட ஒன்றைப் பிறகு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் போய்விட்டதா? அன்ரியிடம் இதைக் கேட்டேன். "ஆம்பிளையளுக்கு உது தெரியாது பிள்ளை" என்று மட்டும் சொன்னா.

கிளம்பும்போது கதவடியில் வைத்து இன்னொன்றும் சொன்னா. "கந்தோருக்குள்ள என்னவோ கேட்டதெண்டு இவர் ஒருக்கா வெளியில வந்து கொப்பாட்டக் கேட்டிட்டுத் திரும்பி உள்ள போனவராம். என்னத்தைக் கேட்டது எண்டு நானும் கேட்டனான். இவர் சொல்லேல்லை."

அந்தச் செவ்வாய்க்கிழமை கதவு திறக்க முதலே நான் நூலக வாசலில் நின்றேன். பெவர்லியிடம் கதையைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, குடும்பப் பெயர்க் கட்டத்தில் சிவபாதம் என்று நான் எழுத்துச் சொல்லச் சொல்ல அடித்தார். முதல் மயானத்தில் இல்லை. இரண்டாவதில் இல்லை. ஐந்தாவதில் ஒரே ஒரு வரி வந்தது. திகதி சரி. உயிரின்றிப் பிறந்த பெண் என்பது சரி. பொதுப் பகுதி என்று போட்டிருந்தது.

பிள்ளையின் பெயர்க் கட்டம் வெறுமையாக இல்லை. நளாயினி என்று இருந்தது.

"லவ்," என்றார் பெவர்லி. "இது உன் பெயர் அல்லவா?"

கந்தோர்க்காரன் பெயர் கேட்டிருக்கிறான். அதற்குத்தான் அங்கிள் வெளியே வந்திருக்கிறார். காருக்குள் இருந்துகொண்டு அப்பா சொல்லியிருக்கிறார். பெண் பிறந்தால் நளாயினி என்று நீங்கள் முதலே யோசித்து வைத்த பெயரை, முப்பத்தோராம் நாள்வரை காத்திராமல், மடியில் இருந்த பெட்டிக்குச் சொல்லியிருக்கிறார். பெயரில்லாமல் விட அவருக்கு மனம் வரவில்லை. அந்த ஒரு நேரம் எங்கள் வழக்கம் எதுவும் அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

நான் பிறந்ததும் அதே பெயரை நீங்கள் சொன்னபோது அப்பா ஓம் என்று சொல்ல ஒரு கிழமை எடுத்தார் என்று சொல்லிச் சிரிப்பீர்கள். சாத்திரியாரிடம் கேட்கப் போனார் என்று நினைத்தீர்கள். வேறு பெயர் வைப்போம் என்று அவர் சொல்லியிருந்தால் ஏன் என்று நீங்கள் கேட்டிருப்பீர்கள். கேட்டால் எல்லாம் வெளியே வந்திருக்கும். அதனால் ஓம் என்றிருக்கிறார். அம்மா, ஒன்றை யோசித்துப் பார்த்தீர்களா? அப்பா ஒரு நாளும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பிள்ளை, குஞ்சு, எடி, இவ்வளவுதான். எங்கள் வீடுகளில் எல்லா மகள்மாரும் பிள்ளைதானே, அதனால் எனக்கு வித்தியாசமாகப் படவே இல்லை. தம்பியைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்.

பெவர்லி எனக்குத் தேத்தண்ணீர் போட்டுக்கொண்டு வந்தார். நான் கணினிக்கு முன்னால் இருந்து இன்னொரு காரியம் செய்தேன், செய்திருக்கக் கூடாது. குடும்பப் பெயரை அழித்துவிட்டு, இரண்டாவது கட்டத்தில் என் பெயரை மட்டும் போட்டுத் தேடினேன். அந்த மயானத்தின் பதிவுகள் முழுவதிலும் நளாயினி ஒன்றே ஒன்றுதான். அந்தக் காலத்து மெல்பேர்னில் வேறு எந்த நளாயினி? அந்த மூன்று வருஷத்தில் எந்த ஒரு செவ்வாய்க்கிழமையாவது, பெயர் இல்லை என்று பிரசங்கம் வைக்காமல் அந்தக் கட்டத்தில் கையை வைத்திருந்தால், அக்கா வந்திருப்பாள். நீங்கள் யன்னலடியில் இருந்தீர்கள். சோறு போட்டு வைத்திருந்தீர்கள்.

இதற்கு என்னை எப்படி மன்னிப்பது என்று தெரியவில்லை. பெவர்லி எதையெதையோ சொன்னார். எல்லாருக்கும் இப்படி நடக்கும் என்றார். எல்லாருக்கும் இப்படி நடக்காது, அம்மா.

மயானத்துக்குப் போன மாதம் போனேன். போத்தலையும் கைப்பையில் கொண்டு போனேன். பாருங்கள், அதற்குள்ளும் எனக்கு ஒரு நம்பிக்கை இருந்திருக்கிறது. கந்தோரில் இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். நல்ல பிள்ளை. வரைபடத்தை விரித்துக் காட்டிப் பொறுமையாகச் சொன்னாள். அது பொதுக் குழிப் பகுதி. ஒரு குழியில் பல பிள்ளைகள். வரிசை இலக்கம் எழுதிய புத்தகம் ஒன்று இருந்ததாம், அது எப்போதோ தொலைந்துவிட்டதாம். பிறகு அந்த நிலத்தின் நடுவால் ஒரு நடைபாதை போட்டு, புல்லும் பதித்திருக்கிறார்கள்.

சாம்பல் வைக்கலாமா என்று கேட்டேன். குழிக்கு உரிமையாளர் கையெழுத்து வேண்டும் என்றாள். பொதுக் குழிக்கு உரிமையாளர் யார் என்று கேட்டேன். ஒருவரும் இல்லை என்றாள். அப்படியென்றால் அனுமதி தருவது யார்? அவளுக்கே வெட்கமாகப் போய்விட்டது. "ஐ'ம் ஸோ ஸொறி" என்று என் கையைப் பிடித்தாள். பெயரையாவது மாற்றி எழுதலாமா, தகப்பன் இவர் இல்லை என்று? பதிந்தவர் வந்து சத்தியம் செய்ய வேண்டுமாம். சிவபாதம் அங்கிளை எங்கே போய்க் கூட்டி வருவது?

தனியே நடந்து போய்ப் பார்த்தேன். வேலியிலிருந்து நடைபாதை வரைக்கும், நடைபாதையிலிருந்து அந்தப் பக்கத்துச் சுவர் வரைக்கும், வெறும் புல். ஒருவன் புல்லு வெட்டும் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டு போனான். போத்தல் மூடியைத் திறந்தேன். யார் பார்க்கப் போகிறார்கள், போட்டுவிட்டுப் போவோம் என்றுதான் நினைத்தேன். ஆனால் எந்தப் பக்கம் திரும்பிப் போடுவது? பக்கத்தில் என்றுதானே கேட்டீர்கள். நான் நின்ற இடத்திலிருந்து அவள் இரண்டடியில் இருக்கலாம், இருநூறு அடியில் இருக்கலாம். வேறு யாரோ ஒருத்தியின் பிள்ளைக்கு மேலே உங்களை விட்டுவிட்டு வந்தால், மறுபடியும் அவள் தாயில்லாமல்தானே இருப்பாள்? நடைபாதையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தேன். ஒரு இடத்தில் ஏதாவது தோன்றும் என்று பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. மூடியை இறுக்கி, காருக்குத் திரும்பி, உங்களை முன் ஆசனத்தில் வைத்து பெல்ற்றும் போட்டு, வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன்.

இப்போதும் கராஜில்தான் இருக்கிறீர்கள். தம்பி வந்தால் கடலில் கரைத்துவிடு என்பான். கரைத்தால் நீங்கள் கேட்டது இல்லாமல் போய்விடும். கரைக்காவிட்டால் இப்படியே பெயின்ற் வாளிக்குப் பக்கத்தில். என்ன செய்யட்டும்? ஒரு நாளாவது கனவில் வந்து சொல்லக் கூடாதா? மற்றவர்களின் அம்மாமார் எல்லாம் வருகிறார்களாம்.

நூலகத்துக்கு இப்போது போவதில்லை. பெவர்லி ஒரு கார்ட் அனுப்பியிருந்தார், கதிரை காத்திருக்கிறது என்று. எனக்குத் தேட இனி ஒருவரும் இல்லை. கிடைக்க வேண்டியது கிடைத்துவிட்டது, அதனால் எவருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை. அங்கே அவளுக்கு அப்பாவின் பெயர் இல்லை, உங்கள் பெயர் இல்லை, மேலே ஒரு கல் இல்லை. இருந்தது ஒரு பெயர் மட்டும். அதையும் நான் எடுத்து நாற்பத்தெட்டு வருஷமாகப் பாவித்துக்கொண்டிருக்கிறேன்.

பெரிய வாக்குறுதி எதுவும் தர என்னிடம் இல்லை, அம்மா. உங்களை அவளிடம் சேர்ப்பேன் என்று எழுதினால் அது இன்னொரு செவ்வாய்க்கிழமைப் பொய்யாகிவிடும். செய்யக்கூடியது ஒன்றுதான். கோயிலிலோ கலியாண வீட்டிலோ யாராவது, "நீங்கள்தான் மூத்தவவோ?" என்று கேட்டால், இனி இல்லை என்று சொல்வேன். எனக்கு முதல் ஒருத்தி இருக்கிறாள் என்று சொல்வேன். பெயர் கேட்டால் அவளுடைய பெயரையும் சொல்வேன். ஆட்கள் என்னைப் பார்த்து முழித்தால் முழிக்கட்டும், விளக்கம் சொல்ல எனக்கு நேரம் இருக்கிறது. இது வாக்கு.

கீழே வழக்கம்போல என் பெயரை எழுதப் பேனையைக் கொண்டு போனேன். அப்பா காருக்குள் இருந்து அதை முதலில் யாருக்குக் கொடுத்தார் என்று நினைவு வந்தது. எழுதவில்லை.

இப்படிக்கு,
உங்கள் இரண்டாவது மகள்